மாத்திரை நின்றால் யாருக்கு முதலில் தெரியும்? முதல் சைக்கோசிஸுக்குப் பிறகான வழிகள், ஓர் ஒப்பீடு

தம்பி சைக்கோசிஸால் (எது நிஜம், எது மனம் கற்பித்தது என்று பிரித்தறிய முடியாமல் போகும் நிலை) இரண்டாவது முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்த மறுநாள், மாற்றுத்துணி எடுக்க அவன் அலமாரியைத் திறந்தேன். பழைய ஜியாமெட்ரி பாக்ஸ் ஒன்று கையில் தட்டுப்பட்டது. உள்ளே காம்பஸுக்கும் அடிமட்டத்துக்கும் நடுவில் அறுபது, எழுபது மாத்திரைகள். சில முழுசாக இருந்தன. சில எச்சில் பட்டுக் கரைந்து, ஓரம் மழுங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அப்பா பதினொரு வாரமாக ஞாயிறுதோறும் மாத்திரை அட்டைகளை எண்ணிச் சரிபார்த்து வந்தவர். கணக்கு ஒருநாளும் தவறவில்லை. அவர் எண்ணியது காலிக் குழிகளை.

அன்று மாலை வார்டில் டாக்டர் கேட்டார்: "மாத்திரையை நிறுத்தினது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சது?" "இன்னிக்குக் காலையிலதான்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். திட்டவில்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அடுத்த டிஸ்சார்ஜுக்குள் என்ன செய்யலாம் என்று ஒவ்வொரு வழியாக விசாரிக்கத் தொடங்கியபோது, எல்லாவற்றையும் அந்த ஒரே தராசில்தான் நிறுத்துப் பார்த்தேன். இவன் நிறுத்தினால், அல்லது மருந்து இருந்தும் நோய் தலைதூக்கினால், எத்தனை நாளில் யாருக்குத் தெரியும்?

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. ஃபின்லாந்தில் 2000 முதல் 2007 வரை, சைக்கோசிஸ் வகைகளில் ஒன்றான மனச்சிதைவு நோய்க்காக முதல் முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்த 2,588 பேரின் பதிவேடுகளைப் பார்த்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆன முதல் 30 நாளுக்குள் மருந்துக் கடையில் மருந்தை வாங்கியவர்கள் 58 சதவீதம். வாங்கி, 30 நாளாவது தொடர்ந்தவர்கள் 46 சதவீதம். பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஒரு மாதத்தைத் தாண்டவில்லை. இந்தக் கணக்கைப் படித்த பிறகுதான் தம்பிமேல் இருந்த கோபம் எனக்குக் கொஞ்சம் இறங்கியது.

நிறுத்துவதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. நோய் தெரியாமல் போவது ஒன்று. 'எனக்கு ஒண்ணுமில்லை' என்பதை அவன் முழு நம்பிக்கையோடுதான் சொன்னான். பக்கவிளைவு இன்னொன்று. ஆறு வாரத்தில் பேன்ட் இடுப்பு ஏறவில்லை. நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார முடியாமல் கால் அலைந்துகொண்டே இருந்தது. அதை நாங்கள் 'பதற்றம்' என்று நினைத்தோம். மருந்தால் வருவது, டோஸைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ சரியாகக்கூடியது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜியாமெட்ரி பாக்ஸ் பாதிதான் நிரம்பியிருக்கும்.

வழக்கமான வெளிநோயாளர் பிரிவா, ஆரம்பகால சைக்கோசிஸ் குழுவா?

பெரும்பாலோருக்குக் கிடைப்பது முதலாவதுதான். மாதம் ஒரு ரிவ்யூ, ஐந்து நிமிடம், ஒரு சீட்டு. டாக்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் என் தராசில் இது மிக லேசு. வராதவரை அங்கே யாரும் தேடுவதில்லை. ரிவ்யூ நாளில் நோயாளி வரவில்லை என்றால் அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்கள்.

இரண்டாவது வழி 1992-ல் மெல்போர்னில் பேட்ரிக் மெக்கோரியும் அவருடைய சகாக்களும் தொடங்கிய மையத்திலிருந்து உலகெங்கும் பரவியது. டாக்டர், நர்ஸ், உளவியலாளர், சமூகப் பணியாளர், வேலைக்கும் படிப்புக்கும் உதவுபவர் என ஒரே குழு. ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளர் இருப்பார். அவர் கையில் இருப்பது பத்துப் பதினைந்து பேர். வழக்கமான பிரிவில் அதைப்போலப் பல மடங்கு. வரவில்லை என்றால் போன் வரும். போன் எடுக்கவில்லை என்றால் ஆள் வரும். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே இந்த வழியை முதலில் தேடச் சொல்வேன்.

எண்களும் பெரும்பாலும் இதன் பக்கம்தான். 10 ஆய்வுகளை, 2,176 நோயாளிகளைச் சேர்த்துக் கணக்கிட்ட 2018-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில், சிறப்புக் குழுவிடம் இருந்தவர்களில் 32 சதவீதம் பேர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது. வழக்கமான சிகிச்சையில் 42 சதவீதம். சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் 21-க்கு 31.

ஆனால் 'குழு' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். அமெரிக்காவில் 34 சமூக மையங்களில் 404 பேரிடம் நடந்த ரெய்ஸ் ஆய்வில், குழுவிடம் இருந்தவர்களின் வாழ்க்கைத் தரம் கூடியது, அறிகுறிகள் குறைந்தன, படிப்பிலும் வேலையிலும் ஈடுபாடு அதிகமானது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் மட்டும் 34 சதவீதத்துக்கு 37. வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. அங்கே நோயாளிகளில் பாதிப் பேர், முதல் அறிகுறி தோன்றி 74 வாரத்துக்கும் மேல் சிகிச்சையின்றி இருந்துவிட்டு வந்தவர்கள். சீக்கிரம் வந்தவர்களுக்குத்தான் பலன் கூடுதலாக இருந்தது. எனவே குழு கிடைக்கும் என்றாலும், "வராவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? எத்தனை நாளில்?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். மழுப்பினால் அது பெயர் மாற்றிய வெளிநோயாளர் பிரிவு.

இன்னொரு சிக்கல் காலக்கெடு. பல குழுக்கள் இரண்டு வருடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடும். டென்மார்க்கின் ஓபஸ் ஆய்வில் 547 பேர் கலந்துகொண்டார்கள். இரண்டு வருட முடிவில் தெளிவாகத் தெரிந்த நன்மை, வழக்கமான சிகிச்சைக்கு மாற்றிய பிறகு ஐந்தாவது வருடத்தில் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. அப்படியானால் ஐந்து வருடமும் குழுவே பார்த்தால்? டென்மார்க்கிலேயே 400 பேரிடம் செய்து பார்த்ததில் பெரிய லாபம் தெரியவில்லை. மான்ட்ரியாலில் 220 பேரிடம் பார்த்ததில், அறிகுறியின்றி இருந்த காலம் நீண்டது. இரண்டையும் வைத்து எனக்குப் படுவது இதுதான்: ஒப்படைப்பு நடக்கும் மாதம்தான் வழுக்கும் இடம். பழைய குழு கடைசி முறை பார்ப்பதற்கும் புதிய டாக்டர் முதல் முறை பார்ப்பதற்கும் நடுவில் இடைவெளி விழக்கூடாது. இருவரும் ஒரே நாளில் அவனோடு உட்கார்ந்து பேசுவதாக இருந்தால் நல்லது.

மாத்திரையா, ஊசியா?

இங்கேதான் குடும்பங்கள் அதிகம் தயங்குகின்றன. நானும் தயங்கினேன். மாதாந்திர ஊசி என்றால் 'முற்றிய கேஸ்', 'சொன்னபடி கேட்காதவர்களுக்கு' என்று ஒரு முத்திரை இருக்கிறது. முதல் டிஸ்சார்ஜின்போது டாக்டர் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

என் தராசில் இதைவிடக் கனமான வழி கிடையாது. மாத்திரையை விழுங்கினானா என்பது அவனுக்கும் அந்த ஜியாமெட்ரி பாக்ஸுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். ஊசி போடும் நாளில் அவன் வரவில்லை என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். மருந்து உடம்பில் மெல்ல இறங்குவதால் தேடிப் பிடிக்கச் சில வாரம் அவகாசமும் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் அந்த அவகாசம் சில நாள்தான்.

ஃபின்லாந்து ஆய்வு மறுபடி இங்கே வருகிறது. அதே மருந்தை ஊசியாக எடுத்தவர்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் அபாயம், மாத்திரையாக எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு. அது பதிவேட்டு ஆய்வு. ஊசிக்குச் சம்மதிப்பவர்களே கொஞ்சம் வேறு மாதிரியானவர்களாக இருக்கலாம் என்று சந்தேகப்பட இடம் உண்டு. அமெரிக்காவில் 39 மையங்களில் ஆரம்ப நிலையில் இருந்த 489 பேரிடம் அரிப்பிப்ரசோல் என்ற மருந்தின் மாத ஊசியைச் சோதித்தார்கள். எந்த மையத்துக்கு ஊசி, எதற்கு வழக்கமான சிகிச்சை என்பதைக் குலுக்கலில் தீர்மானித்தார்கள். இரண்டு வருடத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் ஊசி மையங்களில் 22 சதவீதம், மற்றவற்றில் 37. எனக்கு அதைவிட ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. 'இளைஞர்கள் ஊசிக்கு ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள்' என்பதுதானே பேச்சு? எப்படிப் பேசுவது என்று ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்த பிறகு, ஊசி வேண்டாம் என்று மறுத்தவர்கள் ஏழில் ஒருவர்தான்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அது இறங்கும்வரை பொறுத்துத்தான் ஆக வேண்டும். அதனால் முதலில் அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்து உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பார்கள். சில ஊசிகள் வேலை செய்யத் தொடங்கும்வரை இரண்டு மூன்று வாரம் மாத்திரையும் சேர்த்து எடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் 'ஊசி போட்டும் வேலை செய்யலை' என்று குடும்பம் கைவிடும். எடை, கால் அலைச்சல், தூக்கக் கலக்கம் எல்லாம் ஊசியிலும் உண்டு. முக்கியமாக, ஊசி குணப்படுத்தும் மருந்து இல்லை. மருந்து உள்ளே போகிறதா என்ற கேள்வியை மட்டும் தீர்க்கும். போயும் அடங்கவில்லை என்றால், இரண்டு மருந்துகளைப் போதிய டோஸில் போதிய காலம் பார்த்தும் பலனில்லை என்றால், க்ளோசபின் என்ற மருந்தின் பக்கம் பேச்சைத் திருப்ப வேண்டும். அதற்கு ரத்தப் பரிசோதனை தவறாமல் வேண்டும் என்பதால் பலர் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போட்ட மாதங்களின் விலை அடுத்த அட்மிஷன்.

தம்பியிடம் இதை நான்தான் பேசினேன். "தினமும் அப்பா உன் வாயைப் பார்க்க வேண்டாம்" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அட்டையை எண்ணவும் மாட்டாரா?" என்று கேட்டான். மாட்டார் என்றேன். அடுத்த வாரம் ஊசிக்குச் சம்மதித்தான். அவன் நோயை ஒப்புக்கொண்டான் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட ஒரு வழி கிடைத்தது, அவ்வளவுதான். அந்தக் காரணமும் போதும்.

குடும்பமே பார்த்துக்கொண்டால்?

'நாங்க இருக்கோம், கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திப் பாத்துக்கறோம்' என்று முதல் முறை சொன்னவர்கள் நாங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

1950-களின் இறுதியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் ஒரு விசித்திரத்தைக் கண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்கள், தனி விடுதிக்கோ உடன்பிறந்தவர்களிடமோ போனவர்களைவிட அதிகமாக நோய் திரும்பி வந்தார்கள். அன்பு குறைவதால் வந்த வினை என்று இதைப் படித்தால் தவறு. ஓயாத குறை, கோபம், பதறிப்போய் எல்லாவற்றையும் தானே செய்துவிடும் தவிப்பு: இவைதான் கணக்கில் தெரிந்தன. 1976-ல் வெளிவந்த தொடர் ஆய்வில், அப்படிப்பட்ட வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் இருப்பவர்களுக்கு அபாயம் இன்னும் கூடியது. எங்கள் அம்மா வாரத்தில் எத்தனை மணி நேரம் அவன் அறை வாசலில் நின்றாள் என்று நான் கணக்குப் போடவில்லை. போட்டிருந்தால் 35 எம்மாத்திரம்?

இதில் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எதுவுமில்லை. தூங்காத பிள்ளையை வைத்துக்கொண்டு யாரால் குரல் உயர்த்தாமல் இருக்க முடியும்? விஷயம் என்னவென்றால், குடும்பத்துக்கு நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து, பேசும் முறையையும் பிரச்சினை தீர்க்கும் முறையையும் பல அமர்வுகளில் பழக்கினால், நோய் திரும்புவது குறைகிறது. பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு இது. ஒரே ஒரு மணி நேர அறிவுரை போதாது. மாதக்கணக்கில் நடக்க வேண்டும். ஆகவே குடும்பம் என்பது மற்ற வழிகளுக்கு மாற்று கிடையாது. அவற்றோடு சேர்க்க வேண்டியது. காவல் வேலையை ஊசிக்கும் குழுவுக்கும் கொடுத்துவிட்டு, குடும்பம் குடும்பமாக இருக்கட்டும்.

குடும்பத்தால் மட்டுமே முடிகிற ஒரு வேலை உண்டு. முன்னறிகுறி வரிசை ஆளுக்கு ஆள் வேறு, கையெழுத்துபோல. தம்பிக்கு முதலில் தூக்கம் போகும். பிறகு செல்போனைத் துணி சுற்றி அலமாரியில் வைப்பான். மூன்றாவதாகத்தான் பக்கத்து வீட்டுச் சத்தம் தன்னைப் பற்றியது என்பான். இரண்டு அட்மிஷனிலும் இதே வரிசை, கிட்டத்தட்ட மூன்று வார இடைவெளியில். அவன் தெளிவாக இருக்கும்போது அவனோடு உட்கார்ந்து எழுதினோம். செல்போன் விஷயத்தைச் சொன்னதே அவன்தான். இப்போது தொடர்ந்து இரண்டு இரவு தூக்கமில்லை என்றால் நான் பொறுப்பாளருக்கு மெசேஜ் அனுப்பலாம் என்பது அவன் கொடுத்த அனுமதி.

கட்டாயப்படுத்தும் சட்ட வழி

சில நாடுகளில் 'சிகிச்சையைத் தொடராவிட்டால் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அழைத்துவரலாம்' என்ற உத்தரவோடு டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். விரக்தியில் இருக்கும் குடும்பத்துக்கு இது ஆறுதலாகத் தெரியும். இங்கிலாந்தில் சைக்கோசிஸ் உள்ள 330-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வு இதை வைத்துப் பார்த்தது. நீண்டகாலக் கட்டாய உத்தரவில் இருந்தவர்கள், குறுகிய கால விடுப்பில் அனுப்பப்பட்டவர்கள் என இரு தரப்பிலும் ஒரு வருடத்துக்குள் திரும்பச் சேர்ந்தவர்கள் 36 சதவீதம். ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. ஆபத்தான நிலையில் சட்டம் தேவைப்படலாம், அது வேறு. மறு அட்மிஷனைத் தடுக்கும் வழியாக இதை நான் எண்ணமாட்டேன்.

மருந்தைத் தொடர்வதா, குறைப்பதா, நிறுத்துவதா?

நன்றாக இருக்கும் ஒவ்வொருவரும் ஒருநாள் கேட்கும் கேள்வி. 'எவ்வளவு நாளைக்கு?' இதற்குக் கோபப்படும் டாக்டரிடம் போகாதீர்கள். கோபப்பட்டால் கேள்வி நிற்காது. மாத்திரைதான் ரகசியமாக நிற்கும்.

தொடர்வதன் பக்கம் சான்று பலமாக இருக்கிறது. முதல் முறை நோய் வந்து சிகிச்சையில் அடங்கிய 104 பேரை நியூயார்க்கில் தொடர்ந்து பார்த்த 1999-ஆம் ஆண்டு ஆய்வில், ஐந்து வருடத்துக்குள் ஒரு முறையாவது நோய் திரும்பியவர்கள் 82 சதவீதம். மருந்தை நிறுத்தியவர்களுக்கு அபாயம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. ஹாங்காங்கில் ஒரு வருடம் மருந்து எடுத்து நன்றாக இருந்த 178 பேரில் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த ஒரு வருடத்தில் அவர்களில் 79 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது; மருந்தைத் தொடர்ந்தவர்களில் 41. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும், மோசமான நிலையில் இருந்தவர்கள் 39 சதவீதத்துக்கு 21.

எதிர்ப்பக்கம் நெதர்லாந்து. முதல் நோய் அடங்கி ஆறு மாதம் நன்றாக இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, டாக்டரின் கண்காணிப்பில் டோஸைக் குறைத்து, முடிந்தால் நிறுத்தினார்கள். 18 மாதத்தில் அவர்களில் 43 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 21. இதோடு கதை முடிந்திருந்தால் தீர்ப்பு எளிது. ஏழு வருடம் கழித்து 103 பேரைத் திரும்பப் பார்த்தபோது, அறிகுறியும் அடங்கி அன்றாட வாழ்க்கையும் மீண்டவர்கள் குறைத்த தரப்பில் 40 சதவீதம், தொடர்ந்த தரப்பில் 18. இதைப் பார்த்து உற்சாகமானவர்கள் பலர். 2023-ல் இங்கிலாந்தில், பலமுறை நோய் வந்துபோன 253 பேரிடம் நடந்த ஆய்வு அந்த உற்சாகத்தில் தண்ணீர் தெளித்தது. இரண்டு வருடத்தில் கடுமையாக நோய் திரும்பியவர்கள் குறைத்த தரப்பில் 25 சதவீதம், தொடர்ந்த தரப்பில் 13. பழகுவதிலும் வேலையிலும் எதிர்பார்த்த முன்னேற்றம் வரவில்லை. அவர்கள் முதல் முறை நோய் வந்தவர்கள் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது.

என் தீர்ப்பு இப்படி. முதல் ஒன்றிரண்டு வருடம் தொடர்வது. பிறகு கேள்வி வந்தால், நிறுத்துவதைவிடக் குறைப்பதைப் பற்றிப் பேசுவது. பரீட்சை, கல்யாணம், வேலை மாற்றம் இல்லாத மாதமாகப் பார்த்து, சிறு சிறு படியாக. கஞ்சா புகைக்கும் பழக்கம் இருந்தால் குறைக்கும் பேச்சே வேண்டாம். அது தொடரும்வரை நோய் திரும்பும் அபாயமும் தொடரும். வெளிப்படையாகக் குறைத்தால் நோய் திரும்பினாலும் மூன்றாம் நாளே தெரியும். ரகசியமாக நிறுத்தினால் போலீஸ் வண்டி வரும்போது தெரியும்.

முதல் மாதம்

எந்த வழியை எடுத்தாலும், டிஸ்சார்ஜ் சீட்டில் அடுத்த சந்திப்பின் தேதி ஏழு நாளுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்பத்திரியை விட்டு வந்த முதல் சில வாரங்களில்தான் தற்கொலை அபாயம் மிக அதிகம். நோய் அடங்கி, நடந்ததெல்லாம் புரியத் தொடங்கும் நேரம் அது. 'நாலு வாரம் கழிச்சு வாங்க' என்று எழுதியிருந்தால் கௌண்டரை விட்டு நகராமல் மாற்றிக் கேளுங்கள். சாவதைப் பற்றிப் பேசினால் அந்தத் தேதிவரைகூடக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

மறு அட்மிஷனைத் தோல்வியாகப் பார்க்கும் பழக்கமும் எங்களுக்குப் போய்விட்டது. போன மழைக்காலத்தில் தம்பி இரண்டு இரவு தூங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவனே பையை எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, ஒரு வாரம் உள்ள இருந்துட்டு வந்துடறேன்" என்றான். செல்போன் அவன் கையிலேயே இருந்தது. ஆறாம் நாள் திரும்பி வந்தான். புள்ளிவிவரத்தில் அதுவும் ஒரு மறு அட்மிஷன்தான்.